மின்சாரம் வந்த பிறகும் கணினி உள்ளே விடாதது ஏன்? அக்டிவ் டிரக்டரியும் அதை மீட்கும் முறையும்

வவுனியாவில் தலைமை அலுவலகமும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய இடங்களில் கிளைகளும் வைத்திருக்கும் எந்த நிறுவனத்திலும், நீண்ட மின்தடைக்கு மறுநாள் காலையில் ஏறத்தாழ ஒரே காட்சியைக் காணலாம். மின்சாரம் வந்துவிட்டது. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறது, கைத்தொலைபேசியில் வைஃபை வேலை செய்கிறது. ஆனால் காசாளர் தமது பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் கணினி அவரை ஏற்பதில்லை. பக்கத்து மேசையில் இருப்பவர் எப்படியோ உள்ளே போய்விடுகிறார். அவருக்கோ பொதுக் கோப்புறை திறப்பதில்லை. 'நெட் இல்லை' என்று கிளையிலிருந்து முறைப்பாடு போகிறது. இணைய நிறுவனம் தன் பக்கத்தில் பிழை இல்லை என்கிறது. இணைய நிறுவனம் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். நின்றுபோயிருப்பது, அந்த அலுவலகத்தில் யார் யார் என்பதை அறிந்து வைத்திருக்கும் சேவை.

அந்தச் சேவை எப்படி இயங்குகிறது, ஏன் இப்படி நிற்கிறது, நின்றால் எந்த வழியால் அதை எழுப்ப வேண்டும், எந்த வழியால் எழுப்பினால் நிலைமை மேலும் கெடும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அக்டிவ் டிரக்டரி என்னும் பதிவேடு

விண்டோஸ் வலையமைப்பில் பணியாளர்கள், கணினிகள், குழுக்கள், அவரவர் உரிமைகள் ஆகிய எல்லாவற்றையும் ஓரிடத்தில் பதிந்து வைக்கும் சேவைக்கு அக்டிவ் டிரக்டரி என்று பெயர். 2000 ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 2000 உடன் மைக்ரோசொப்ட் இதை அறிமுகப்படுத்தியது. இந்தப் பதிவேட்டின் ஆட்சி எல்லைக்கு டொமைன் என்றும், பதிவேட்டை வைத்திருக்கும் சேர்வருக்கு டொமைன் கொன்ட்ரோலர் என்றும் பெயர். ஒரு டொமைனோ பலவோ சேர்ந்த முழு அமைப்பு ஃபொரஸ்ட் எனப்படும். சிறிய நிறுவனத்தில் ஒரே டொமைன்தான் ஒரு ஃபொரஸ்டாக இருக்கும். பதிவேடு, சேர்வரின் வட்டில் 'என்டிடிஎஸ்.டிட்' என்ற ஒரே கோப்பாக இருக்கிறது. அதனுடன் 'சிஸ்வோல்' என்ற கோப்புறையில் அலுவலகக் கணினிகள் எல்லாம் பின்பற்ற வேண்டிய கட்டளைகள் இருக்கின்றன.

வன்னியில் இடப்பெயர்வின்போது பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களுக்கு இதன் அடிப்படை சொல்லாமலே விளங்கும். கையிலிருந்த தாள் போனால் பிரதி எடுக்கலாம். அந்தப் பிறப்பு பதியப்பட்ட புத்தகம் எங்காவது பத்திரமாக இருக்கிறதா என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி. காசாளரின் மேசையில் உள்ள கணினி தாள் போன்றது, என்டிடிஎஸ்.டிட் புத்தகம் போன்றது. ஒப்பீடு ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது. கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) பதிவுப் புத்தகத்தில் எழுதியது எழுதியபடி நிற்கும். இந்தப் பதிவேடோ நாள் முழுவதும் மாறிக்கொண்டிருக்கும், பல பிரதிகளாக இருக்கும், ஒவ்வொரு பிரதியிலும் எழுதலாம். மீட்புப் பணியின் சிக்கல் முழுவதும் இதிலிருந்தே வருகிறது.

உள்ளே போக முடியாமைக்கான காரணங்கள்

1. முகவரி தெரியாமை. கணினி தன் கொன்ட்ரோலரை டிஎன்எஸ் எனப்படும் பெயர்ச் சேவையின் வழியாகவே தேடிக் கண்டுபிடிக்கிறது. அந்த விவரங்கள் அலுவலகத்தின் சொந்த டிஎன்எஸ் சேர்வரில் மட்டுமே உள்ளன. அது பெரும்பாலும் கொன்ட்ரோலரிலேயே இயங்கும். ஐப்பசி இடிமின்னலில் ரவுட்டர் எரிந்து, இணைய நிறுவனத்தார் புதிய ரவுட்டரைப் பொருத்திவிட்டுப் போனால், அந்த ரவுட்டர் எல்லாக் கணினிகளுக்கும் வெளி உலக டிஎன்எஸ் முகவரியைக் கொடுக்கத் தொடங்கும். இணையம் நன்றாக வேலை செய்யும். டொமைன் மட்டும் காணாமற் போகும். பலர் இந்நிலையில் சேர்வரை நோண்டத் தொடங்குகிறார்கள். பிழை அங்கே இல்லை. முதலில் ஒரு கணினியின் டிஎன்எஸ் முகவரியைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை இது.

2. நேர வேறுபாடு. அடையாளத்தை உறுதிசெய்யும் கெர்பெரோஸ் முறை, கணினியின் கடிகாரமும் கொன்ட்ரோலரின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் அனுமதிச் சீட்டு வழங்க மறுக்கும். பழைய சேர்வரின் தாய்ப்பலகையைத் திறந்தால் நாணயம் அளவில் ஒரு மின்கலம் தெரியும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செயலிழந்திருந்தால், யூபிஎஸ் இறங்கிச் சேர்வர் அணைந்து மீண்டும் எழும்போது திகதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். சில நூறு ரூபாய் பெறுமதியான ஒரு பொருளால் அலுவலகம் முழுவதும் வெளியே நிற்க நேரிடும்.

3. நினைவில் வைத்த அனுமதி. கொன்ட்ரோலர் எட்டாத நேரத்திலும், ஒரு கணினியில் முன்பு நுழைந்தவர்களின் விவரத்தை விண்டோஸ் நினைவில் வைத்திருந்து உள்ளே விடும். இயல்பு நிலையில் கடைசிப் பத்துப் பேர் வரை இவ்வாறு வைக்கப்படும். மேலே சொன்ன பக்கத்து மேசைக்காரர் நுழைந்தது இப்படித்தான். கோப்புறைக்கு உரிய அனுமதியைக் கொன்ட்ரோலரிடம் பெற வேண்டியிருப்பதால் அவருக்கு அது திறக்கவில்லை.

4. கணினியின் சொந்தக் கடவுச்சொல். பணியாளரைப் போலவே ஒவ்வொரு கணினிக்கும் பதிவேட்டில் ஒரு கணக்கு உண்டு. அதன் கடவுச்சொல்லை இயல்பாக 30 நாட்களுக்கு ஒருமுறை கணினி தானே மாற்றிக்கொள்கிறது. சேர்வரைப் பழைய காப்புப்பிரதியிலிருந்து மீட்டால், சேர்வர் பழைய சொல்லையும் கணினி புதிய சொல்லையும் வைத்திருக்க, டொமைனுடனான நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது என்ற செய்தி திரையில் தோன்றும். காப்புப்பிரதி எவ்வளவு பழையதோ அவ்வளவு கணினிகளில் இது வரக்கூடும். கணினியை டொமைனிலிருந்து நீக்கி மீண்டும் சேர்க்காமலே விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் மூலம் இதைச் சரிசெய்யலாம்.

மின்தடை பதிவேட்டையே அழிக்கும் என்ற அச்சம் பொதுவாக மிகைப்பட்டது. ஒவ்வொரு மாற்றமும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டுப் பின்னரே கோப்புக்குள் போகிறது. திடீரென அணைந்தால் அடுத்த முறை எழும்போது சேர்வர் அந்தக் குறிப்பேட்டை வாசித்து விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதற்காக 2022 மார்ச் 31 அன்று இலங்கையில் நிகழ்ந்ததுபோல் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு வரும் காலத்தில் யூபிஎஸ்ஸை மட்டும் நம்பியிருக்கலாம் என்று பொருளல்ல. யூபிஎஸ் இறங்குமுன் சேர்வரை ஒழுங்காக அணைக்கும் மென்பொருளை இணைத்துவைப்பது இலகுவான காரியம். செய்து வைத்திருப்பவர்கள் குறைவு.

பல பிரதிகள், எல்லாவற்றிலும் எழுதலாம்

வவுனியாவில் ஒரு கொன்ட்ரோலரும் கிளிநொச்சியில் இன்னொன்றும் இருந்தால் இரண்டிலும் மாற்றம் செய்யலாம். ஒன்றில் செய்தது மற்றதற்குப் போய்ச் சேரும். இதற்குப் பிரதியாக்கம் என்று பெயர். ஒரே அலுவலகத்துக்குள் சில நொடிகளில் நடக்கும் இது, வெவ்வேறு இடங்களாகப் பதிந்த கிளைகளுக்கிடையே இயல்பாக 180 நிமிடத்துக்கு ஒருமுறையே நடக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வவுனியாவில் கணக்குத் திறக்கப்பட்ட புதிய உத்தியோகத்தர் கிளிநொச்சியில் நண்பகல் வரை காத்திருப்பதற்குக் காரணம் இதுவே. இந்த இடைவெளியை 15 நிமிடம் வரை குறைக்கலாம்.

இருவர் ஒரே நேரத்தில் செய்யக்கூடாத சில பணிகளும் உள்ளன. பதிவேட்டின் கட்டமைப்பை மாற்றுதல், புதிய டொமைன் சேர்த்தல், நேரத்துக்கும் கடவுச்சொல் மாற்றங்களுக்கும் தலைமை வகித்தல், புதிய கணக்குகளுக்கான இலக்கங்களைப் பகிர்ந்தளித்தல், பிற டொமைன்களுடனான தொடர்புகளைச் சரிபார்த்தல் ஆகிய ஐந்து பொறுப்புகளும் தலா ஒரு கொன்ட்ரோலரிடமே இருக்கும். சிறிய நிறுவனத்தில் ஐந்தும் ஒரே சேர்வரில் குவிந்திருக்கும். எந்தச் சேர்வர் என்பது பெரும்பாலும் யாருக்கும் நினைவிருக்காது.

பழையதைத் திரும்ப வைத்தால் நடப்பது

சாதாரணக் கோப்பு அழிந்தால் நேற்றைய பிரதியை எடுத்து வைத்தால் போதும். பதிவேட்டுக்கு இது பொருந்தாமல் போவது எப்படி என்பதை எண்களோடு பார்த்தால்தான் விளங்கும்.

ஒவ்வொரு கொன்ட்ரோலரும் தான் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தொடர் இலக்கம் இடுகிறது. வவுனியாச் சேர்வர் 5000 வரை வந்துவிட்டது எனக் கொள்வோம். 'வவுனியாவிடமிருந்து 5000 வரை வாங்கிவிட்டேன்' என்று கிளிநொச்சி குறித்து வைத்திருக்கிறது. வவுனியாச் சேர்வர் ஒரு மெய்நிகர் இயந்திரம், அதாவது வேறொரு கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் கணினி; அது மக்கர் பண்ணவே, பொறுப்பானவர் சென்ற வாரம் எடுத்து வைத்த ஸ்னப்ஷொட்டுக்கு (அந்நேர நிலையின் பதிவுக்கு) அதைத் திருப்பிவிடுகிறார். இப்போது அதன் கணக்கு 4000 இல் நிற்கிறது. பிற்பகல் மூவருக்குப் புதிய கணக்குத் திறக்கிறார். அவை 4001, 4002, 4003 ஆகின்றன. '5000க்கு மேல் ஏதும் உண்டா?' என்று கிளிநொச்சி கேட்கிறது. வவுனியா இல்லை என்கிறது. அந்த மூவரும் கிளிநொச்சிக்கு என்றைக்கும் போய்ச் சேர மாட்டார்கள். இதைவிட மோசமானது, புதியவருக்குக் கிடைக்கும் அடையாள இலக்கம், சென்ற வாரம் வேறொருவருக்கு வழங்கிய அதே இலக்கமாக இருக்கக்கூடும் என்பது. அப்படியானால் ஒருவரின் கோப்புகளை மற்றவர் திறக்கலாம்.

மேற்சொன்ன தொடர் இலக்கத்துக்கு யூஎஸ்என் என்று பெயர்; இந்தப் பிழைக்கு யூஎஸ்என் பின்னடைவு என்று பெயர். இதைக் கண்டுகொண்டால் விண்டோஸ், நிகழ்வுக் குறிப்பில் 2095 என்ற இலக்கத்தைப் பதிந்து, அந்தச் சேர்வரின் பிரதியாக்கத்தை நிறுத்திவிடும். எல்லா வேளைகளிலும் கண்டுகொள்ளும் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் சேர்வர் 2012 முதல், மெய்நிகர் இயந்திரத்தை இயக்கும் மென்பொருளும் ஒத்துழைத்தால், தான் பின்னோக்கித் திருப்பப்பட்டதைக் கொன்ட்ரோலர் உணர்ந்து தற்காத்துக்கொள்ளும். அந்தப் பாதுகாப்பு இருக்கும்போதும் ஸ்னப்ஷொட்டைக் காப்புப்பிரதியாகக் கருதுவது பிழையான பழக்கம். விண்டோஸ் சேர்வர் பக்அப் போன்ற முறையான கருவியால் எடுத்த, பதிவேட்டையும் சிஸ்வோலையும் உள்ளடக்கிய 'சிஸ்டம் ஸ்டேட்' பிரதியிலிருந்து மீட்கும்போது, சேர்வர் தன் உள் அடையாளத்தை மாற்றிக்கொண்டு புதியவர் போலத் திரும்பி வருகிறது. ஆகவே கிளிநொச்சி பழைய 5000ஐ மறந்து, கேட்க வேண்டியவற்றைப் புதிதாகக் கேட்கிறது.

மீட்பு: எது போனது என்பதைப் பொறுத்து வழி மாறும்

1. ஒரு சேர்வர் போனது, மற்றது நலம். இங்கே எதையும் மீட்க வேண்டியதில்லை. இறந்த சேர்வரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து துடைத்துவிட்டு, அதனிடமிருந்த பொறுப்புகளை உயிரோடிருக்கும் சேர்வர் பறித்தெடுக்கச் செய்து, புதிய இயந்திரம் ஒன்றைக் கொன்ட்ரோலராக்கினால் பிரதியாக்கமே அதை நிரப்பிவிடும். பறித்தெடுத்த பிறகு பழைய சேர்வரைத் திருத்தி மீண்டும் வலையமைப்பில் இணைக்கக்கூடாது. வட்டைத் துடைத்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

2. சேர்வர்கள் நலம், ஒரு பகுதி தவறுதலாக அழிக்கப்பட்டது. வியாழக்கிழமை ஒருவர் 'முல்லைத்தீவுக் கிளை' என்ற பிரிவை அதிலிருந்த அத்தனை கணக்குகளோடும் அழித்துவிட்டார் எனக் கொள்வோம். அழித்தலும் ஒரு மாற்றம் என்பதால் அது பிரதியாக்கத்தின் வழியாக மற்றச் சேர்வர்களுக்கும் பரவும். அக்டிவ் டிரக்டரியின் மறுசுழற்சித் தொட்டி இயக்கப்பட்டிருந்தால் குழு உறுப்புரிமைகள் உட்பட எல்லாம் சில நிமிடங்களில் திரும்பும். விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 இல் வந்த இந்த வசதி தானாக இயங்குவதில்லை. ஒருமுறை இயக்கினால் நிறுத்தவும் முடியாது. அதை இயக்காத நிறுவனங்கள் இதை வாசித்த நாளிலேயே இயக்கிவிடுவது நல்லது.

தொட்டி இல்லையென்றால் நீண்ட வழிதான். ஒரு கொன்ட்ரோலரை டிஎஸ்ஆர்எம் எனப்படும் மீட்பு நிலையில் எழுப்பி, செவ்வாய் இரவு எடுத்த காப்புப்பிரதியை அதில் இறக்க வேண்டும். அப்படியே இயல்பு நிலைக்குக் கொண்டுவந்தால் வேலை வீண். 'வியாழக்கிழமை அது அழிக்கப்பட்டுவிட்டதே' என்று மற்றச் சேர்வர் சொல்ல, மீட்டது மீண்டும் அழியும். எனவே மீட்பு நிலையை விட்டு வெளியேறும் முன், 'என்டிடிஎஸ்யூட்டில்' என்ற கருவியில் முல்லைத்தீவுப் பிரிவைக் குறிப்பிட்டு, இது அதிகாரபூர்வமானது என்று அறிவிக்க வேண்டும். கருவி அந்தப் பொருட்களின் பதிப்பு இலக்கத்தை, கடந்துபோன ஒவ்வொரு நாளுக்கும் 100,000 வீதம் உயர்த்திவிடும். பதிப்பு இலக்கம் பெரியதே வெல்லும் என்பது விதி. செவ்வாய்க்கிழமையின் முல்லைத்தீவு வியாழக்கிழமையின் அழிப்பை இப்படித்தான் வெல்கிறது. பதிவேட்டின் மற்றப் பகுதிகளில் புதிய நிலையே தொடரும்.

3. எல்லாமே போனது. ஒரேயொரு கொன்ட்ரோலர் வைத்திருந்து அது எரிந்தாலும், கப்பம் கேட்கும் வைரஸ் எல்லாச் சேர்வர்களையும் பூட்டினாலும் நிலை ஒன்றே. வலையமைப்பிலிருந்து துண்டித்த இடத்தில், நம்பத்தக்க ஒரு காப்புப்பிரதியிலிருந்து டொமைனுக்கு ஒரு சேர்வரை மட்டும் எழுப்ப வேண்டும். ஐந்து பொறுப்புகளையும் அதற்குக் கொடுத்து, பழைய சேர்வர்களின் பெயர்களைத் துடைத்து, அடையாள இலக்கங்கள் இரட்டிக்காதபடி அவற்றின் தொடக்கத்தை 100,000 அளவு முன்னோக்கித் தள்ள வேண்டும். எல்லா அனுமதிச் சீட்டுகளுக்கும் முத்திரையான 'கேஆர்பிடிஜிடி' கணக்கின் கடவுச்சொல்லை இருமுறை மாற்ற வேண்டும். முந்தைய சொல்லையும் பதிவேடு நினைவில் வைத்திருப்பதால் ஒருமுறை மாற்றினால் திருடியவரின் சீட்டு இன்னும் செல்லும். மற்றச் சேர்வர்களை அதன் பிறகு புதிதாகவே கட்ட வேண்டும்.

எந்த வழியாயினும் காப்புப்பிரதிக்கு ஆயுள் உண்டு. அழிக்கப்பட்ட பொருளின் சுவடு பதிவேட்டில் எவ்வளவு காலம் தங்குகிறதோ அதைவிடப் பழைய பிரதியைப் பயன்படுத்த முடியாது. அந்தக் காலம் இயல்பாக 180 நாள். மிகப் பழைய விண்டோஸ் 2000, 2003 காலத்தில் தொடங்கி இன்றுவரை தரமுயர்த்தப்பட்டு வந்த டொமைன்களில் அது இன்னும் 60 நாளாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் அணைந்து கிடந்த கொன்ட்ரோலரைத் தூசி தட்டி இணைப்பதும் இதே காரணத்தால் தவிர்க்கப்பட வேண்டியது.

கானாவில் ஒரு மின்தடை

2017 யூன் 27 அன்று நொட்பெட்யா என்ற அழிவு மென்பொருள் மெர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, உலகெங்கும் ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்த அதன் ஏறத்தாழ 150 கொன்ட்ரோலர்களில் ஒன்றைத் தவிர எல்லாம் ஒருங்கே துடைக்கப்பட்டன. பிரதிகள் இத்தனை இருக்கும்போது தனிக் காப்புப்பிரதி எதற்கு என்ற எண்ணம் அங்கும் இருந்தது. தப்பியது ஒன்றே ஒன்று. கானாவிலிருந்த அலுவலகத்தில் அந்நேரம் மின்சாரம் நின்றிருந்ததால் அந்தச் சேர்வர் வலையமைப்பில் இல்லை. பல நூறு கிகாபைற் தரவை அங்குள்ள மெதுவான இணைப்பில் அனுப்ப முடியாமல், வட்டையே கையில் எடுத்துக்கொண்டு நைஜீரியா வழியாக இங்கிலாந்துக்குப் பறந்தார்கள். மின்வெட்டால் உருப்பட்ட அலுவலகம் என்று நம் ஊரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிரதியாக்கம் இயந்திரப் பழுதிலிருந்து காக்கும். அழிப்பு அதன் வழியாகவே பரவும், தொற்றும் அதே வலையமைப்பில் பரவும் என்பதால், வலையமைப்பைத் தொடாத ஒரு பிரதி தனியாக இருக்க வேண்டும்.

வன்னிக் கிளைகளுக்கு உரிய ஏற்பாடுகள்

தலைமை அலுவலகத்தில் இரண்டு கொன்ட்ரோலர்கள் இருந்தால் மேற்சொன்ன முதல் வழி எப்போதும் திறந்திருக்கும். இரண்டையும் ஒரே மெய்நிகர் இயந்திரத் தொகுதியில் வைத்து, அந்தத் தொகுதியையே டொமைனில் சேர்த்துவிட்டால், தொகுதிக்குள் நுழையக் கொன்ட்ரோலர் வேண்டும், கொன்ட்ரோலரோ அதற்குள் கிடக்கும்; மின்தடைக்குப் பின் சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியதுபோல் ஆகும். ஒன்றாவது தனி இயந்திரத்தில் இருக்கட்டும்.

கிளைகளின் நிலை வேறு. முல்லைத்தீவுக் கிளையில் சேர்வருக்கென்று பூட்டிய அறை இருப்பது அரிது. அலுமாரிக்குப் பக்கத்தில், மின்விசிறிக்குக் கீழே அது இருக்கும். அதைத் தூக்கிச் செல்பவர் நிறுவனத்திலுள்ள எல்லோருடைய கடவுச்சொல் விவரத்தையும் தூக்கிச் செல்கிறார். விண்டோஸ் சேர்வர் 2008 இல் வந்த வாசிப்பு மட்டும் கொன்ட்ரோலர் இதற்காகவே உருவாக்கப்பட்டது. அதில் எழுத முடியாது; எந்தப் பணியாளர்களுக்கு அனுமதித்தோமோ அவர்களின் கடவுச்சொற்கள் மட்டுமே அதில் தங்கும். திருட்டுப்போனால் அவர்களுடையதை மாற்றினால் போதும். இதன் விலை என்னவென்றால், வவுனியாவுடனான இணைப்பு அறுந்திருக்கும்போது பட்டியலில் இல்லாதவர் நுழைய முடியாது. ஆகவே அந்தக் கிளையின் பணியாளர்களோடு அங்குள்ள கணினிக் கணக்குகளையும் பட்டியலில் சேர்க்க மறக்கக்கூடாது. பெரும்பாலும் விடுபடுவது இந்த இரண்டாவதுதான்.

சேர்வரைத் தரைமட்டத்தில் வைக்கக்கூடாது என்பதை, 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாள்தோறும் எடுக்கும் சிஸ்டம் ஸ்டேட் பிரதி கொன்ட்ரோலரின் வட்டிலேயே இருந்தால் பயனில்லை. வாரம் ஒருமுறை வெளி வட்டில் எடுத்து, கழற்றி, வேறொரு கிளையின் பெட்டகத்தில் வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. அந்த வட்டு ஏ9 வீதியில் பேருந்தில் போகும் என்றால் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். தொலைந்த வட்டு, திருட்டுப்போன சேர்வருக்குச் சமம்.

மீட்பு நிலையில் நுழையத் தனிக் கடவுச்சொல் உண்டு. சேர்வரைக் கொன்ட்ரோலராக்கிய நாளில் ஒருமுறை கேட்கப்படுவது அது. அன்று நிறுவிக் கொடுத்தவர் இன்று கனடாவில் இருப்பார், கடவுச்சொல்லும் அவரோடு போயிருக்கும். சேர்வர் இயங்கிக்கொண்டிருக்கும்போது என்டிடிஎஸ்யூட்டில் மூலம் அதைப் புதிதாக அமைத்துவிடலாம். விழுந்த பிறகு அது இலகுவாக இராது.

ஆண்டுக்கு ஒருமுறையாவது, வலையமைப்போடு இணையாத ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் காப்புப்பிரதியை இறக்கிப் பார்க்க வேண்டும். சேர்வர் எழுகிறதா, கொன்ட்ரோலரின் நலத்தைப் பார்க்கும் 'டிசிடயக்' சோதனையில் பெயர்ச் சேவையும் சிஸ்வோலும் தேறுகின்றனவா, முல்லைத்தீவுக் காசாளரின் கணக்கு அதில் இருக்கிறதா என்று பார்த்து, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மீட்பு நிலைக் கடவுச்சொல், பிட்லொக்கர் சாவி, ஐந்து பொறுப்புகளும் இருக்கும் சேர்வரின் பெயர், வட்டு இருக்கும் கிளை ஆகியவற்றைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, முகாமையாளரின் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். கணினியில் எழுதி வைத்தால், தேவைப்படும் நாளில் அந்தக் கணினியும் உள்ளே விடாது.